உஷ்ணமும் கையுறையும்: பூச்சிமருந்து தோல்வழி புகுவது பற்றி ஓர் ஆய்வு

1. வினாவின் தன்மை

பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கும் மனிதருடைய சரீரத்தில் அந்த விஷம் எந்த மார்க்கமாகப் பிரவேசிக்கிறது என்று கேட்டால், அநேகர் மூக்கையும் வாயையுமே சுட்டுவார்கள். முகத்தைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு வெறுங்கையால் மருந்தைக் கலக்குகிற வழக்கம் நம் கிராமங்களில் நிலைபெற்றிருப்பதற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம். ஆனால் வயல்வெளியில் வேலை செய்பவரின் மூச்சோடு உட்செல்லும் மருந்தைவிட அவருடைய தோலின்மேல் படியும் மருந்து பன்மடங்கு அதிகம் என்பதும், அவ்வாறு படிவதில் கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும், டர்ஹாம், உல்ஃப் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1962-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் தொழிலாளர்மீது படியும் மருந்தை அளக்கும் முறைகளைப் பற்றி விரிவாக எழுதிய காலத்திலிருந்து திரும்பத் திரும்ப உறுதிப்பட்டு வந்திருக்கின்றன. கையுறை அணிந்துகொண்டால் ஆபத்தின் பெரும்பகுதி நீங்கும் என்ற முடிவு இதிலிருந்து இயல்பாகவே பிறந்தது. மருந்துப் புட்டியின் சீட்டிலும் சட்டத்தின் விதிகளிலும் அந்த முடிவே எழுதப்பட்டிருக்கிறது.

அந்த முடிவு தவறு என்று நிரூபிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கையுறையின் குணங்கள் மிதமான சீதோஷ்ணத்தில் அளந்து அறியப்பட்டவை. காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்குப் பின் விதைத்த கோடைப் பருத்திக்குச் சித்திரை வெயிலில், கடற்காற்றின் ஈரம் கலந்த புழுக்கத்தில், மருந்து அடிக்கிறவருடைய கைகளில் அந்தக் குணங்கள் மாறாமல் நிற்குமா என்பதே நான் ஆராய விரும்பும் வினா. உஷ்ணம் இங்கே மூன்று இடங்களில் ஏககாலத்தில் வேலை செய்கிறது: கையுறை செய்யப்பட்ட பொருளில், கையுறைக்குள் அடைபட்ட தோலில், கையுறையை அணிந்திருக்கும் மனிதரின் பொறுமையில். ஆராய்ச்சியாளர்கள் இம்மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்திருக்கிறார்கள். தெளிப்பவருடைய கையிலோ மூன்றும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு ஒரே சமயத்தில் நேருகின்றன.

2. சட்டம் மனத்தில் கொண்ட கையுறை

நம் நாட்டில் பூச்சிக்கொல்லிகளுக்கென்று ஒரு சட்டம் ஏற்பட்டதற்கே துயரமான ஒரு சம்பவம் காரணமாயிற்று. 1958-இல் கேரளத்தில், பாலிடால் என்று அந்நாளில் வழங்கிய பாரத்தியான் கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதைத் தொடர்ந்த விசாரணைகளின் பலனாக 1968-இல் பூச்சிக்கொல்லிகள் சட்டமும், 1971-இல் அதன் விதிகளும் வந்தன. அந்த விதிகளுள் 39-ஆவது, மருந்தைக் கையாள்வோருக்கு வேண்டிய பாதுகாப்பு உடையை வருணிக்கும்போது, முன்கையின் பாதிவரை நீளுவதும் திரவங்கள் புக முடியாத பொருளால் ஆனதுமான ரப்பர் கையுறையோ அதற்கு ஒப்பான வேறு கையுறையோ அவசியம் என்று கூறுகிறது. விதியை எழுதியவர்களின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க இடமில்லை. முன்கையின் பாதிவரை என்று நீளத்தைக்கூட நிர்ணயித்த அக்கறை மெச்சத்தக்கது. ஆயினும் "திரவங்கள் புக முடியாத" என்ற அளவுகோல் தண்ணீரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டதாகவே தோன்றுகிறது. தண்ணீரை ஒழுகவிடாத பொருள் பூச்சிமருந்தையும் தடுத்துவிடும் என்ற அனுமானம் அதற்குள் மறைந்து நிற்கிறது.

அந்த அனுமானம் பாதி அளவே சரியானது. ஒரு பொருள் கையுறையைக் கடப்பதற்கு இருவேறு வழிகள் உண்டு. கிழிசல், ஊசித்துளை, தையல் இவற்றின் வழியே திரவம் திரவமாகவே கசிவது ஒன்று. கண்ணுக்கு எந்தத் துளையும் புலப்படாத நிலையிலும், மருந்தின் மூலக்கூறுகள் கையுறையின் வெளிமுகத்தில் கரைந்து, ரப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கிடையே மெல்ல நகர்ந்து, உள்முகத்தில் வெளிப்படுவது மற்றொன்று. இறுக முடிச்சிட்டுத் தொங்கவிட்ட பலூன் எங்கும் ஓட்டையில்லாமலே இரண்டு மூன்று நாட்களில் சுருங்கிப்போவதைப் பார்த்த எவரும் இந்த இரண்டாவது வழியை ஏற்கத் தயங்கமாட்டார்கள். முதல் வழியைக் கசிவு என்றும், இரண்டாவதை ஊடுருவல் என்றும் பிரித்து அழைப்போம். இவ்விரண்டுக்கும் அப்பால், மருந்திலுள்ள கரைப்பான் கையுறையையே ஊதி மிருதுவாக்கியோ, விறைத்து வெடிக்கச் செய்தோ அதன் உருவைக் கெடுக்கும் சிதைவும் உண்டு.

ஊடுருவலின் வேகத்தைத் தீர்மானிப்பதில் விஷத்தின் பங்கைவிட அதைச் சுமந்து வரும் கரைப்பானின் பங்கு பல சமயம் பெரிதாக இருக்கிறது. தண்ணீரில் விட்டதும் பாலாக வெளுக்கும் எண்ணெய்ச்சாரமான திரவ மருந்துகளில் நெடுங்காலம் கரைப்பானாகப் பயன்பட்டுவந்த சைலீன் போன்ற பெட்ரோலிய வகைகள் இயற்கை ரப்பரை விரைவில் ஊறவைத்துக் கடப்பவை. தாம் கடப்பதோடு விஷத்துக்கும் வழி செய்து கொடுப்பவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மருந்தின் கரைப்பானை ஆதாரமாகக் கொண்டே கையுறைகளை ஏ முதல் எச் வரை எட்டு வகுப்புகளாகப் பிரித்து, இன்ன மருந்துக்கு இன்ன பொருளாலான கையுறை என்று சீட்டில் அச்சிடச் செய்திருப்பது இந்த அறிவின் பயன்தான். "ரப்பர் கையுறை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்கும் நம்முடைய விதிக்கும் அந்த ஏற்பாட்டுக்கும் இடையே ஒரு தலைமுறையின் ரசாயன அறிவு நிற்கிறது. நூல் கையுறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அது மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்வதால் பாதுகாப்பு என்ற பெயருக்கே உரியதன்று.

3. இருபத்துமூன்றும் முப்பத்திரண்டும்

ஒரு கையுறை இன்ன ரசாயனத்தை எத்தனை நிமிஷம் தாங்கும் என்று சொல்லும் எண், ஐரோப்பிய முறைப்படி, 23 டிகிரி சென்டிகிரேடில் நடத்தப்படும் பரிசோதனையிலிருந்து கிடைப்பது. கையுறையிலிருந்து வெட்டிய ஒரு வில்லையின் ஒரு பக்கம் ரசாயனம் நிற்க, மறுபக்கத்தில் அது குறிப்பிட்ட வேகத்தில் வெளிப்படத் தொடங்கும் நேரம் கணக்கிடப்படுகிறது. 10 நிமிஷத்தைத் தாண்டினால் மிகத் தாழ்ந்த படி, 480 நிமிஷத்தைத் தாண்டினால் மிக உயர்ந்த படி. இதே துறையைச் சார்ந்த வேறொரு பரிசோதனையை இதன் அருகில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட 428-ஆம் வழிகாட்டி, மனிதத் தோலின் துண்டினூடே ரசாயனம் ஊடுருவுவதை அளப்பதற்கானது. அதில் தோலின் உஷ்ணம் 32 டிகிரியில், ஒரு டிகிரி முன்பின்னாக, இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. உயிருள்ள மனிதனின் தோல் ஏறக்குறைய அந்த உஷ்ணத்தில் இருக்கிறது என்பதே காரணம்.

தோலைப் பரிசோதிப்பவர் தோலின் உஷ்ணத்தை மதிக்கிறார். அந்தத் தோலின்மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கப்போகும் கையுறையைப் பரிசோதிப்பவர், குளிர்தேசத்து அறையொன்றின் உஷ்ணத்தை எடுத்துக்கொள்கிறார். கையில் மாட்டிய சில நிமிஷங்களில் கையுறையின் உள்முகம் தோலின் உஷ்ணத்தை அடைந்துவிடுகிறது. வெளிமுகமோ வெயிலை நேரே வாங்கிக்கொண்டு காற்றைவிட அதிகமாகச் சூடேறுகிறது. எனவே 23 டிகிரி என்பது, டெல்டா வயலை விட்டுவிடுங்கள், எந்த நாட்டுத் தொழிலாளியின் கையிலும் கையுறை வேலை நேரத்தில் நிலைத்திருக்கும் உஷ்ணமன்று.

இந்த ஒன்பது பத்து டிகிரி வித்தியாசம் எவ்வளவு பொருட்படுத்தத்தக்கது? ரசாயன மாற்றங்களின் வேகம் உஷ்ணத்தோடு எவ்வாறு வளர்கிறது என்பதற்கு அரீனியஸ் 1889-இல் வகுத்த விதி, ரப்பருக்குள் மூலக்கூறுகள் நகரும் வேகத்துக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. அதாவது, உஷ்ணம் சமஅளவில் ஏறும்போது ஊடுருவல் சமஅளவில் ஏறாமல் மடங்குகளில் ஏறுகிறது. செல்லர்ஸ், சுலேவ்ஸ்கி இருவரும் 1993-இல் பியூட்டைல் ரப்பரையும் இயற்கை ரப்பரையும் மீதைல் பைரோலிடோன் என்ற கரைப்பானைக் கொண்டு ஆராய்ந்தபோது இந்த உறவு கையுறைகளிலேயே காணப்பட்டது. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பரிசோதனையில் கையுறை ரசாயனத்தில் இடைவிடாது தோய்ந்திருக்கிறது. வயலிலோ மருந்து அவ்வப்போது தெறிக்கிறது, அதுவும் தெளிப்பானில் நிறைத்த பின் பெரும்பகுதி தண்ணீராகவே இருக்கிறது. ஆகையால் பரிசோதனையின் கடுமை உஷ்ணத்தால் வரும் குறையை ஈடுசெய்துவிடும் என்பது அந்த ஆட்சேபம். நீர்த்த மருந்தைப் பொறுத்தவரை இதை நான் ஒப்புக்கொள்கிறேன். பூச்சிமருந்துக்கென்றே 2019-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 18889 என்ற சர்வதேச நியமம், நீர்த்த மருந்துக்கு ஜி1 என்றும், செறிந்த மருந்தையும் தாங்கவேண்டியதற்கு ஜி2 என்றும் கையுறைகளைப் பிரிப்பது இந்த விவேகத்தினால்தான். ஆனால் புட்டியைத் திறந்து மூடியில் அளந்து ஊற்றும் கை தொடுவது செறிந்த மருந்தை. அதைவிட முக்கியமாக, நம் நாட்டில் கையுறை ஒரு நாளோடு கழிக்கப்படுவதில்லை. ரப்பருக்குள் ஒருமுறை கரைந்து புகுந்த மருந்து வெளிப்புறத்தைக் கழுவுவதால் போய்விடுவதில்லை. தகரக் கொட்டகையில் தெளிப்பானோடு சேர்த்துத் தொங்கவிட்ட கையுறைக்குள் அது அன்று பகலும் இரவும் பிரயாணத்தைத் தொடர்கிறது. மறுநாள் காலை கையை நுழைக்கும்போது உள்முகத்தில் காத்திருக்கிறது. கொட்டகையின் உஷ்ணம் அந்தப் பிரயாணத்தைத் துரிதப்படுத்துகிறது. நிமிஷக் கணக்கில் நடக்கும் எந்தப் பரிசோதனையும் இந்தப் பழக்கத்தை அளப்பதற்காக ஏற்பட்டதன்று.

4. கையுறைக்குள் அடைபட்ட தோல்

இனி, மருந்து எவ்வாறோ கையுறைக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டத்தில் மிகவும் கவனிக்கத்தக்க சாட்சியம் பழையது. 1963-இல் ஃபங்க்ஸ், ஹேய்ஸ், ஹார்ட்வெல் ஆகிய மூவர், சம்மதித்து முன்வந்த சிலருடைய கையையும் முன்கையையும் 2 விழுக்காடு பாரத்தியான் தூளில் இரண்டு மணி நேரம் இருக்கச் செய்து, சுற்றுப்புற உஷ்ணத்தை ஏறக்குறைய 14 டிகிரியிலிருந்து 40 டிகிரிவரை மாற்றி, பாரத்தியான் உடலுக்குள் சென்று சிதைவதால் உண்டாகும் நைட்ரோஃபீனாலைச் சிறுநீரில் அளந்தார்கள். உஷ்ணம் ஏற ஏற அதன் அளவும் ஏறியது. மருந்து ஒன்றே, கை ஒன்றே, நேரம் ஒன்றே. மாறியது உஷ்ணம் மட்டும். கேரளத்தில் மாவோடு கலந்து கொன்ற அதே மருந்து, கோடையின் உஷ்ணத்தில் தோலின் வழியே எவ்வளவு தாராளமாக உட்புகும் என்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டிருந்தது என்பதை நினைக்கும்போது, அந்த அறிவு நம் விதிகளில் ஒரு வாக்கியமாகக்கூட இடம்பெறாமற்போனது பற்றி வருந்தாமல் இருக்க முடியவில்லை.

ஏன் ஏறியது என்பதற்கு விளக்கங்கள் பல. தோலின் மேலடுக்கில் மூலக்கூறுகள் நகரும் வேகம் கூடுகிறது என்பது ஒன்று. உடலின் சூட்டை வெளியேற்றுவதற்காகக் கையின் ரத்தவோட்டம் பெருகி, வந்து சேரும் மருந்தை உடனுக்குடன் வாரிக்கொண்டு போகிறது என்பது மற்றொன்று. உலர்ந்த தூளை வியர்வை கரைத்துத் தோலோடு ஒட்டச்செய்கிறது என்பது மூன்றாவது. ரத்தவோட்டம் உயிருள்ள சரீரத்தில்தான் இருக்கும்; ஆனால் சாங், ரிவியேர் இருவரும் 1991-இல் பன்றித் தோலின் துண்டுகளில் பாரத்தியானை வைத்துச் செய்த சோதனையிலும் உஷ்ணமும் ஈரப்பதமும் ஊடுருவலைக் கூட்டின. ஆகவே ரத்தவோட்டம் ஒன்றையே காரணமாகச் சொல்வது போதாது. தோலின் சுபாவமே மாறுகிறது. நெதர்லாந்தில் மொய்லிங்கும் அவருடைய சகாக்களும் 1997-இல் ப்ரோபாக்ஸர் மருந்தை மனிதத் தோலில் இட்டு நடத்திய ஆராய்ச்சியில், தோலின் ஈரம் மிகுந்தபோது உறிஞ்சப்பட்ட அளவு பலமடங்கு பெருகியது. காற்றுப்புகாத உறை ஒன்றால் தோலை மூடினாலே அதன் மேலடுக்கின் நீர்ச்சத்து, சாதாரணமாக உள்ள 5 முதல் 15 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 50 விழுக்காடுவரை உயரக்கூடும் என்பது தோல் மருத்துவர்கள் களிம்பிட்டுக் கட்டும்போது பயன்படுத்திக்கொள்ளும் உண்மை. ரப்பர் கையுறை அத்தகையதோர் உறையே.

இதை மிகைப்படுத்துவதும் ஆகாது. மூடிய தோல் எல்லா ரசாயனங்களையும் ஒரேமாதிரி அதிகமாக உறிஞ்சுவதில்லை. எண்ணெயில் எளிதில் கரையும் பொருள்களுக்கு அந்த விளைவு மிகுதியாகவும் நீரில் கரைபவற்றுக்குக் குறைவாகவும் இருப்பதாக மைபாக் என்ற தோல் ஆராய்ச்சியாளரின் ஆராய்ச்சிக்கூடம் காட்டியது. பூச்சிமருந்துகளுள் பலவும் முதல் இனத்தைச் சார்ந்தவை என்பதே நம் கவலைக்குக் காரணம். அதே மைபாக் 1971-இல் தம் சகாக்களோடு வெளியிட்ட மற்றொரு கட்டுரையில், தோலில் இட்ட பாரத்தியானில் முன்கை வழியே 8.6 விழுக்காடும், உள்ளங்கை வழியே 11.8 விழுக்காடும், புறங்கை வழியே 21 விழுக்காடும் உடலுக்குள் சென்றதாகக் கணக்கிட்டார். காய்ப்பேறிய உள்ளங்கைத் தோல் தடித்தது, அதில் விஷம் ஏறாது என்ற நம்பிக்கை பாட்டாளிகளிடையே பரவலாக உண்டு. அந்த எண்கள் அதற்கு ஆதரவாக இல்லை. கையுறையின் மணிக்கட்டு வாயில் வழியே உள்ளே வழியும் மருந்து படுவதோ அதைவிட எளிதில் இடங்கொடுக்கும் புறங்கையில்.

வெறுங்கையில் விழும் துளி காற்றில் ஆவியாகலாம், துண்டில் துடைபடலாம், வரப்போரத்து நீரில் கழுவப்படலாம். கையுறைக்குள் அகப்பட்ட துளிக்கு இவற்றில் எதுவும் நேருவதில்லை. அதைக் கொண்டவருக்கு அது அங்கே இருப்பதும் தெரிவதில்லை. அளவில் சிறியதாயினும் அது முழுப் பலனோடு வேலை செய்கிறது.

5. அணிபவர்

மூன்றாவது இடம் மனிதருடையது. இலங்கையில் பூச்சிமருந்து தெளிப்போரைப் பற்றி சிவயோகநாதனும் அவருடைய சகாக்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, பாதுகாப்புச் சாதனங்கள் கைவிடப்படுவதற்கு அவற்றை அணிவதிலுள்ள அசௌகரியம் முக்கியமான காரணம் என்று எடுத்துக்காட்டியது. அறியாமை என்ற ஒரே சொல்லில் விவசாயியைத் தள்ளிவிடும் பிரசாரகர்கள் படிக்கவேண்டிய ஆய்வு அது. உள்ளங்கையில் நெருங்கி அமைந்த வியர்வைச் சுரப்பிகள் சுரந்த நீர் விரல் நுனிகளில் தேங்கி, தெளிப்பானின் கைப்பிடி வழுக்கி, முனைக்குழாயின் அடைப்பை நீக்க விரல்கள் மறுக்கும்போது, கையுறையைக் கழற்றுவது ஒரு பகுத்தறிவுள்ள செயலாகவே அவருக்குத் தோன்றுகிறது. கழற்றுவதோடு முடிந்தால் பாதகமில்லை. மருந்து படிந்த வெறுங்கையை, அடுத்த டேங்கு கலக்கும்போது, அதே கையுறைக்குள் மறுபடியும் நுழைக்கிறார். பிரிட்டனில் கேரட், பிலிப்ஸ், பெம்பர்டன் ஆகியோர் 2001-இல் பல களஆய்வுகளின் அளவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கையுறைக்குள் இருந்த கைகளில் மருந்து படிந்திருப்பது பரவலாகவே காணப்பட்டது. பிரிட்டனின் குளிரில் அப்படியானால், வெயிலில் அரைமணிக்கு ஒருதரம் கழற்றப்படும் கையுறையைப் பற்றிக் கேட்கவேண்டியதில்லை.

இருந்தும், மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் கணக்குகளில் கையுறை ஒரு நிலையான எண்ணாகவே நுழைகிறது. அமெரிக்காவில் கையுறை 90 விழுக்காடு தடுக்கும் என்றும், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டியிலும் திரவ மருந்துக்கு 90 விழுக்காடு தடுக்கும் என்றும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். பொருத்தமான கையுறை, பயிற்சி பெற்ற கை, மிதமான வானிலை என்ற நிபந்தனைகள் கூடும் இடத்தில் அந்த எண்கள் நியாயமானவையே. அயோவா, வட கரோலினா மாநிலங்களின் விவசாயிகளிடம் நடந்த நீண்ட ஆய்விலும் கையுறை அணிந்தவர்களுடைய உடலில் மருந்தின் அடையாளம் குறைவாகவே காணப்பட்டது. வெப்பநாட்டில் கையுறை உபயோகமற்றது, வெறுங்கையே மேல் என்று சிலர் சொல்லும் அபிப்பிராயத்தை நான் ஏற்காததற்கும் அதுவே காரணம். செறிந்த மருந்தை அளந்து கலக்கும் அந்தச் சில நிமிஷங்களுக்கு, உட்புறம் சுத்தமாக உள்ள நைட்ரைல் கையுறையைவிட நல்ல துணை கைக்கு இல்லை. மணிக்கணக்காக அணிந்து, பல நாட்கள் திரும்பத் திரும்ப மாட்டிய கையுறைக்கு அதே 90 விழுக்காட்டை வழங்குவதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

6. பொறுப்பு யாருடையது

மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டுப் பருத்திப் பருவத்தில், மருந்து தெளித்தவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அப்போது பரவலாகக் கேட்ட விளக்கம், அவர்கள் பாதுகாப்பு உடை அணியவில்லை என்பது. அணியவில்லை என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கிடையே, மழைக்காலத்துப் புழுக்கத்தில், முழு உடையும் கையுறையும் அணிந்து ஒரு கூலித் தொழிலாளி நாள் முழுதும் வேலை செய்ய முடியுமா என்ற கேள்வி, அந்த மருந்துகளை அங்கே விற்க அனுமதித்தவர்களிடமே முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை ஸ்தாபனம் 1985-இல் வகுத்து, பின்னர் பலமுறை திருத்திய சர்வதேச நடத்தைக் கோவையே இதைத் தெளிவாகச் சொல்கிறது: அசௌகரியமான, விலை மிகுந்த, எளிதில் கிடைக்காத பாதுகாப்புச் சாதனம் தேவைப்படும் மருந்துகளை, வெப்பநாட்டுச் சிறு விவசாயிகளைப் பொறுத்தவரை, தவிர்க்கவேண்டும் என்பது அதன் கருத்து. அந்தக் கருத்தின்படி, உஷ்ணத்தில் கையுறை தோற்குமானால் தெளிப்பவரைக் கண்டிப்பதற்கு முன் மருந்தை மாற்றுவதே கிரமம்: கொடிய விஷங்களை விலக்குதல், பெட்ரோலியக் கரைப்பானுக்குப் பதில் நீரை ஆதாரமாகக் கொண்ட வடிவங்களை ஊக்குவித்தல், ஒரு டேங்குக்கு ஒன்றாக அப்படியே போட்டுக் கரைக்கும் பைகளில் அடைத்து விற்றல். இவற்றில் எதுவும் உழவரின் பொறுமையைச் சோதிப்பதன்று.

மருந்து மாறும்வரை, கைகளுக்கு மிக அண்மையில் உள்ள உபாயம் சோப்பும் தண்ணீரும். வட கரோலினாவின் புகையிலை வயல்களில் இலை பறித்தவர்களிடம் கர்வினும் சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கைகளில் படிந்த அசிஃபேட் மருந்தில் சுமார் 96 விழுக்காட்டைக் கைகழுவுதல் நீக்கியது. தடிமனான எந்தக் கையுறைக்கும் கணக்கில் வழங்கப்படும் எண்ணுக்கு அது குறைந்ததன்று. கையுறையைக் கழற்றிய ஒவ்வொரு தடவையும், மீண்டும் மாட்டுவதற்கு முன், கை கழுவப்பட்டால், மேலே சொன்ன மூன்று தீமைகளுள் கடைசியானது பெருமளவு நீங்கும், இரண்டாவதும் குறையும். ஆனால் மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல்தான் திறக்கப்படுகிறது. டெல்டாவில் கோடைப் பருத்திக்கு மருந்து அடிக்கும் சித்திரை, வைகாசியில் வாய்க்கால்கள் வறண்டு கிடக்கின்றன, ஆழ்குழாய்க் கிணறு உள்ளவரின் வயலில் மட்டுமே தண்ணீர் இருக்கிறது. தெளிப்பானில் நிறைப்பதற்கே குடத்தில் தண்ணீர் சுமந்து வரும் பெண்கள், கைகழுவுவதற்கென்று இன்னொரு குடம் கொண்டுவர வேண்டும். அந்தக் குடத்துக்கும் கூலி உண்டு, அதைக் கொடுக்கவேண்டியவர் நிலத்துக்காரர். 39-ஆம் விதியில் கையுறையின் நீளத்தை நிர்ணயித்தவர்கள், அதற்கு அடுத்த வரியில் ஒரு தொழிலாளிக்கு இத்தனை லிட்டர் நல்ல தண்ணீரும் ஒரு கட்டிச் சோப்பும் வயலின் ஓரத்தில் இருக்கவேண்டும் என்று எழுதுவதற்கு இன்னும் தடையொன்றுமில்லை.